மிதவை இருக்கும் இடம்

உச்சி வெயிலில் ஏரி தகரம்போல் கண்ணைக் குத்துகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் நீச்சல் இடங்களைக் குறிக்கிறவள், கரையிலிருந்து நீந்தி வந்து, பீப்பாய்கள்மேல் பலகை அடித்த மிதவையின் விளிம்பைப் பற்றியிருக்கிறாள். பீப்பாய்ப் பாசியில் விரல் வழுக்குகிறது. கழுத்தில் தொங்கும் நெகிழி உறைக்குள் போன். மேலே படகுக்காரர், ஏணியை அடைத்துக் காலை நீட்டியபடி, பீடியை நிதானமாகப் பற்றவைக்கிறார். “சாட்டிலைட் படத்தப் பாத்து இந்த மிதவையக் குறிச்சது நீதானா?” “ஆமாண்ணே. எடம் மாறிடுச்சுன்னாங்க, திருத்தலாம்னு வந்தேன்.” “தண்ணி வத்துனா ஆழத்துப் பக்கம் இழுத்துக் கட்டுவோம். கரையில ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம். என் தங்கச்சி புருஷன் ஊருக்குப் புதுசு. உன் படத்த நம்பி எறங்கி, இல்லாத மிதவையத் தேடித் தேடியே கை ஓஞ்சு முழுகிப் போனான். அவ வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே!” அவள் வாய் திறக்கிறாள், தண்ணீர்தான் உள்ளே போகிறது. மிதவையைக் கட்டிய சங்கிலி கிறீச்சிடுகிறது. “கை விட்டுப்போகுதுண்ணே, ஏறிக்கிறேன்.” அவர் கால் நகரவில்லை. பீடி முனையால் தூரத்தில் வெறுமையாக மின்னும் தண்ணீரைக் காட்டுகிறார். “உன் படத்துல மிதவை அங்கதானே இருக்கு? அங்க போய் ஏறு.”