மாத்தளையே போதும்

மஸீஹா ஏன் பின்னறையிலேயே நிற்கிறாள் என்பது புஹாரிக்கு அன்று விளங்கிவிட்டது. அந்த அறையின் ஜன்னல், மாத்தளை பஸ் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தபடி இருந்தது.

இரத்தோட்டையில் அவருக்குச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை. தோட்டத்து ஆட்கள் வேலை விட்டு வரும் பின்னேரத்தில்தான் அதைத் திறப்பார். வெளிச்சம் இருக்கும்போதே லாம்பைக் கொளுத்தச் சொல்லி, மருந்தைக் கலக்கிப் போத்தலில் ஊற்றுவார். அதை உள்ளே கொண்டுபோய் அளவுக் கடதாசி ஒட்டிக் கொடுப்பது மகள் மஸீஹாவின் வேலை.

"ஒரு கடதாசி ஒட்ட இவ்வளவு நேரமா?" என்று புஹாரி சத்தம் போட்டார்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இருமும் பிள்ளையை மடியில் வைத்திருந்த தோட்டத்து ராசம்மா நிமிர்ந்து பார்த்தாள். மஸீஹா போத்தலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கொழும்பில் அரசாங்க மருந்தாளர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தங்க விடுதியும் உண்டு. அவளோ மாத்தளையில் ஒரு பாமசியில் வேலை பழகுகிறேன், பகல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அந்தப் பாமசி முதலாளிக்குக் கல்யாணமாகாத மகன் ஒருவன் இருந்தான். பெயர் ஸக்கரியா.

"சர்க்கார் படிப்ப உட்டுட்டு, கடையில போத்தல் கழுவப் போறேங்குறா" என்றார் புஹாரி, ராசம்மாவுக்கும் கேட்கும்படி. "யாருக்காக? அந்த ஸக்கரியாவுக்காகவா?"

மஸீஹாவின் காதுமடல் சிவந்தது.

"நான் வர்றேங்க டாக்டரய்யா" என்று ராசம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினாள். அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தாள் அவர் மனைவி ஹவ்வா. "வயசுப் புள்ளைய ஆள் முன்னால வச்சு இப்பிடியா பேசுறது?"

"இந்தக் கடையில ஒரு மருந்து பிழையாப் போனதில்ல. அவ்வளவு மானத்தோட இருந்தவன் நான். இவ என்னைத் தலைகுனிய வச்சிட்டா."

"அப்பிடி ஒண்ணுமில்ல வாப்பா. ஸக்கரியாவ நான் பார்த்தது கூட இல்ல."

"அப்ப கொழும்பு ஏன் வேணாம்?"

அவள் தாயைப் பார்த்தாள். "உம்மா உள்ள போகட்டும். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"உம்மாவுக்குத் தெரியாம என்ன ரகசியம்? அவளும் கேக்கட்டும். சொல்லு."

"வேணாம் வாப்பா."

"சொல்லுன்னா சொல்லு."

குற்றம் செய்தவள்போல மஸீஹா நிலத்தைப் பார்த்தாள்.

"ராசம்மா புள்ளைக்குக் குடிக்கன்னு நீங்க ஊத்தினது பூசுற மருந்து வாப்பா, இப்பிடித் தினமும் உள்ள கொண்டுபோய் நான்தான் மாத்துறேன்."