எண்ணெய்க்குப் பயந்தவள்

"கொதிக்கிற எண்ணெயைக் கண்டு பயப்படுற தீயணைப்பு ஆளை ஒஹாயோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நமக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்றார் கிளீட்.

ரமோன் சிரித்தான். டெஸ்ஸா வெங்காய வளையங்களை மைதாவில் புரட்டி, முட்டை கலந்த மோரில் முக்கி, வறுத்த ரொட்டித்தூளில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள்.

புதிதாகச் சேர்ந்தவர்தான் முதல் வருடம் முழுக்கச் சமைக்க வேண்டும் என்பது அந்தத் தீயணைப்பு நிலையத்து வழக்கம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் விலக்கு. அன்று பர்கரும் வெங்காய வளையமும். வளையம் பொரிப்பது கிளீட்டின் கை. டெஸ்ஸா பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே அவர் கைதான்.

போன வாரம் அவள் திடீரென்று சொன்னாள். "இனிமே வெள்ளிக்கிழமையும் நானே செஞ்சுடுறேன், ஓவன்ல. பக்கத்துல எண்ணெய் கொதிச்சா எனக்குப் பயமா இருக்கு."

அன்றிலிருந்து நிலையத்தில் வேறு பேச்சே இல்லை.

"ஓவன்ல வெந்த வெங்காயம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார் கிளீட். சட்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். "நீ அதைச் செய். நான் நிஜமான வளையம் நாலு போடறேன். தின்னு பாத்துட்டு இவங்களே சொல்லட்டும். பயமா இருந்தா தள்ளி நில்லு, பொண்ணு."

டெஸ்ஸா தள்ளி நிற்கவில்லை. சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வளையங்களைக் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஓவனுக்குள் தள்ளினாள்.

வளையங்கள் சிவக்கத் தொடங்கிய நேரத்தில் கேப்டன் ஓடெல் உள்ளே வந்தார்.

"டெஸ்ஸா, திங்கக்கிழமையோட உனக்கு ஒரு வருஷம் முடியுது. உன்னை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நான் மேல சொல்லணும். எண்ணெய்க்குப் பயம்னு பசங்க பேசிக்கிறாங்க. நெசமா?"

"ஆமா, கேப்டன்."

"வீடு எரிஞ்சா?"

"அதுக்குப் பயமில்ல, கேப்டன்."

"சட்டிக்குப் பயம், வீட்டுக்குப் பயமில்ல" என்று ரமோன் முணுமுணுத்தான். கேப்டன் சிரிக்கவில்லை.

அப்போது மணி அடித்தது.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கிளீட்தான் முதலில் வண்டியில் ஏறினார். கால்சட்டை, பூட்ஸ், தலைக்கவசம். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஏறியாகிவிட்டது, டெஸ்ஸாவைத் தவிர.

அவள் ஓடிவந்து ஏறியபோது கேப்டன் முகம் சிவந்திருந்தது.

"போன வெள்ளிக்கிழமையும் நீதான் கடைசி. இன்னிக்கும் நீதான்."

"மன்னிச்சுக்குங்க, கேப்டன்."

நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் யாரோ ரொட்டியைக் கருக விட்டிருந்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள்.

ரமோன் நேராக ஓவனிடம் போனான். "அணைஞ்சு கிடக்கு. கதவு வேற லேசா திறந்திருக்கு. போச்சு."

"நான்தான் அணைச்சேன்" என்றாள் டெஸ்ஸா. "ஈரம் போகட்டும்னுதான் கதவைத் திறந்து வெச்சேன்."

கேப்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வளையத்துக்காகவா எங்களைக் காக்க வெச்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரமோன் தட்டை வெளியே இழுத்தான். பொன்னிறத்தில் ஒரே சீராக இருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கடித்த இடத்தில் வெங்காயம் மட்டும் வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. உடனே அடுத்ததை எடுத்தான். பிறகு இரண்டு கையாலும் எடுத்தான்.

"டேய், மத்தவங்களுக்கும் வை" என்று கேப்டனே கை நீட்டினார். கடித்தார். இன்னொரு முறை கடித்தார். "இதுல எண்ணெயே இல்லையா?"

"ரொட்டித்தூளை வறுக்க ஒரு கரண்டி. அவ்வளவுதான்."

"பொரிச்சதுன்னு என் பொண்டாட்டி தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவேன்" என்றான் ரமோன். "பெருசு, உங்க கடையை மூடிட வேண்டியதுதான்."

கிளீட் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டியில் எண்ணெய் ஆறிப்போயிருந்தது. அடுப்பின் திருகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வந்து, தட்டில் மிச்சமிருந்த ஒரு வளையத்தை எடுத்து, நின்றபடியே முழுதாகத் தின்று முடித்தார்.

"ருசி பிரமாதம், டெஸ்ஸா" என்றார் கேப்டன். "ஆனா மணி அடிச்சும் ரெண்டு தடவை கடைசியா வந்து ஏறியிருக்க. அதோட எண்ணெய் பயம் வேற. உன்னைப் பத்தி மேல நான் என்னன்னு சொல்றது?"

டெஸ்ஸா வாயைத் திறக்குமுன் கிளீட் பேசினார்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க, கேப்டன். இன்னிக்கு நான் இந்த அடுப்பை அணைக்காம ஓடினேன். போன வெள்ளிக்கிழமையும் நானேதான் அணைச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா நான் அணைக்கல. ரெண்டு தடவையும் நம்ம நிலையமே எரிஞ்சிருக்கும். கடைசியா ஏறின இந்தப் பொண்ணுதான் அணைச்சுட்டு வந்திருக்கா."

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"கோடையில ஓய்வு வாங்கப்போற கிழவனைப் பாத்து ஊர் சிரிக்கக் கூடாதுன்னு, எண்ணெய்க்குப் பயம்னு தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டா."