பதினேழாம் இதழ்

“பதினேழு இல்லாம இந்த செட்டை விக்கறதா இல்லை தம்பி. முதல்லயே சொல்லிடறேன்.”

கதவைத் திறந்த அம்மாள் இப்படிச் சொன்னதும், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான் பழைய புத்தக வியாபாரி. வரச்சொல்லி போன் செய்தவர் அவளுடைய கணவர்.

“நீங்க உள்ளே வாங்க. அவ அப்படித்தான் சொல்வா,” என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் பெரியவர். “வெள்ளிக்கிழமை வீடு மாறணும். அங்கே ஒரே ரூம். இந்த அலமாரியைக் கொண்டுபோய் வெச்சா நாங்க ரெண்டு பேரும் மாடிப்படியிலதான் படுக்கணும்.”

“நீங்க படிக்கட்டுல படுங்க. நான் அலமாரிக்குள்ள படுத்துக்கறேன்,” என்றாள் அம்மாள்.

அலமாரியைத் திறந்ததும் வியாபாரி இரண்டடி முன்னால் வந்துவிட்டான். கறுப்பு வெள்ளைக் காலத்துக் காமிக்ஸ் புத்தகங்கள், எண் வரிசைப்படி நின்றன. ஒன்றை மெதுவாக உருவினான். அட்டையில் துப்பறியும் தபால்காரர் சைக்கிளோடு ஆற்றில் பாய்ந்துகொண்டிருந்தார். நேற்று அடித்தது போலச் சிவப்பு மங்காமல் இருந்தது.

“ஒரு கிழிசல்கூட இல்லையேம்மா! எப்படிச் சேர்த்தீங்க?”

அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஒண்ணொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு தம்பி. இந்த நாலாம் நம்பர், ஒரு மாசம் எங்க அண்ணன் துணியைத் துவைச்சுக் குடுத்து அவன்கிட்ட வாங்கினது. இந்த ஒன்பது, பல் டாக்டர் வெச்சிருந்தார். இதைக் கேட்டு வாங்கறதுக்காகவே வலிக்காத பல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன்.”

“பிடுங்கிட்டாரா?”

“பிடுங்கிட்டார். ஆனா புத்தகத்தைக் குடுத்துட்டாரே!”

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“பதினேழுக்குத்தான் ஒரு வழியும் கிடைக்கலை. இதை அச்சடிச்ச பிரஸ்லயே ஒரு விற்பனை ஜன்னல் உண்டு. சனிக்கிழமை தவறாமப் போய் நிப்பேன். ‘பதினேழு இருக்கா’ம்பேன். ஜன்னலுக்கு உள்ளே இருக்கிற ஆள், ‘குடோன்ல தேடிப் பாக்கறேன், அடுத்த வாரம் வாங்க’ம்பார். நான் போறதைப் பார்த்துட்டு பிரஸ்காரங்க எனக்குப் ‘பதினேழு’ன்னே பேர் வெச்சுட்டாங்க. அவர் தேடினார், தேடினார், எங்களுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கார்.” முகவாயால் கணவரைச் சுட்டிக் காட்டினாள்.

வியாபாரி நெற்றியைச் சுருக்கினான். “பதினேழா? அம்மா, அது வந்து...”

பெரியவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வியாபாரியின் காலை மிதித்துக்கொண்டே வந்த இருமல்.

“இருங்க, தண்ணி கொண்டு வரேன்,” என்று அம்மாள் சமையலறைக்குப் போனாள்.

இருமல் உடனே நின்றது. “சொல்லிடாதப்பா! பதினேழுன்னு ஒரு புத்தகமே கிடையாது. எனக்கும் தெரியும்.”

“பழைய புத்தகம் சேர்க்கிறவங்க பாதிப் பேருக்குத் தெரியும் சார், நம்பர் தாவிப் போச்சுன்னு. ஏன் தாவுச்சுன்னுதான் யாருக்கும் தெரியலை.”

“அட்டைக்கு அச்சுக் கோத்தவனைக் கேட்டாத் தெரியும். நான்தான் அவன். சனிக்கிழமை மட்டும்தான் ஜன்னல்ல உக்காருவேன், மத்த நாள் அச்சுக் கோக்கற வேலை. பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுன்னு கோத்துட்டேன். அட்டை மொத்தமும் அடிச்சு முடிஞ்சாச்சு. எல்லாம் தனித்தனிக் கதைதானே, எவன் கவனிக்கப் போறான்னு முதலாளியும் விட்டுட்டார்.” அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். “ஒருத்தி கவனிச்சுட்டா.”

“அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா அடுத்த சனிக்கிழமை அவ எதுக்கு வரப்போறா?”

வியாபாரிக்குச் சிரிப்பு வந்தது. பெரியவருக்கு வரவில்லை.

“சிரிக்காதேப்பா. வசமா மாட்டிக்கிட்டேன். பதினேழு வந்தாத்தான் விப்பேங்கறா. அது வராது. உண்மையைச் சொன்னா, நம்ம கல்யாணமே ஒரு பொய்யிலயா ஆரம்பிச்சுதுன்னு கேப்பா. இன்னும் எத்தனை பொய் சொல்லியிருக்கீங்கன்னு கேப்பா. இந்த வயசுல நான் எங்கேப்பா போய் முகத்தை வெச்சுக்கறது?”

அம்மாள் தண்ணீரோடு வந்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பெரியவர் நிமிர்ந்து நின்றார். வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டது தெரிந்தது.

“ஏம்மா... அந்தப் பதினேழு விஷயமா உன்கிட்ட ஒண்ணு...”

“அது கிடக்கட்டும். மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. தொட்டி வழியறதுக்குள்ள கீழே போய் நிறுத்திட்டு வாங்க.”

தப்பித்தோமா, இன்னும் நன்றாக மாட்டிக்கொண்டோமா என்று புரியாத முகத்தோடு அவர் படியிறங்கினார்.

அம்மாள் அலமாரியைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“மன்னிச்சுக்கோங்க தம்பி, வெறுங்கையோட அனுப்பறேன். இதையெல்லாம் விக்க எனக்கு மனசு வரலை. விக்க மாட்டேன்னு நேராச் சொன்னா அவர் பத்து நியாயம் பேசுவார். பதினேழு வரட்டும்னு சொன்னா வாயையே திறக்க மாட்டார்.”

“ஒரே ரூம்ல இதை எங்கேம்மா வைப்பீங்க?”

“கட்டிலை வித்துட்டா இடம் வந்துடும்.”

வியாபாரி அவளையே பார்த்தான். “அப்படின்னா... பதினேழு விஷயம் உங்களுக்கு...”

“அச்சாகவே இல்லைங்கறதா? தெரியுமே. பிரஸ் முதலாளியோட பொண்ணு என் கிளாஸ்தான். நான் போய்க் கேட்ட ரெண்டாவது வாரமே சொல்லிட்டா.”

“தெரிஞ்சுமா கல்யாணம் வரைக்கும் சனிக்கிழமை தவறாமப் போய்க் கேட்டீங்க?”

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பின்னே? அந்த ஜன்னல் பக்கம் போக எனக்கு வேற என்ன சாக்கு இருந்துச்சு?”