அந்துருண்டை வாசமடித்த மாலை

வீடு கேட்டுப் போன இடமெல்லாம் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டு விரட்டியதால், தமயந்தியும் ஜெபசிங்கும் ஒரு ஸ்டூடியோவில் மாலையும் கழுத்துமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாலை ஸ்டூடியோக்காரருடையது. துணிப்பூ, அந்துருண்டை வாசம். தும்மலை அடக்கப்போய் இருவரும் சிரித்துவிட்ட நேரத்தில் எடுத்த படம். நான்கு வருடம் அது கூடத்துச் சுவரில் தொங்கி, ஓனரம்மாவை நம்பவைத்தது.

இன்று பிரிகிறார்கள். காலையிலிருந்து சாமான்களைப் பங்கு போட்டதில் சண்டையே வரவில்லை. "கிரைண்டரை நீயே எடுத்துக்கோ" என்றான். "உனக்குத்தான் முதுகுவலி, கட்டில் உனக்கு" என்றாள். குக்கர் வரைக்கும் விட்டுக்கொடுத்தார்கள். படத்தின் பக்கம் மட்டும் இருவரும் திரும்பவில்லை. பொய்ப் படம்தானே, கிடக்கட்டும் என்று தமயந்தி மூன்று தரம் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாவி வாங்க மாடிக்கு வந்த ஓனரம்மா பதறிவிட்டாள். "என்னம்மா, கல்யாண போட்டோவையா மறந்துட்டுப் போவீங்க?" அவளே எக்கிக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினாள். வாசலில் இரண்டு டெம்போக்கள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. "நாலு வருஷத்துல ரெண்டு வண்டி சாமானா!" என்று வியந்தவள், "இதை எதுலம்மா வைக்க?" என்றாள்.

"இதுல" என்றார்கள் இருவரும். அவன் கை அவன் வண்டியைக் காட்டியது, அவள் கை அவள் வண்டியை. நீட்டிய கையை இருவருமே இறக்கவில்லை.