ஐந்து மணிக்குள் ஒரு பதில்

டயல் டோன் இல்லை என்று திரையில் மறுபடியும் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்கிறது. இந்த மோடத்துக்கு மட்டும் காது கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, லைலா" என்றார் இரத்தினசிங்கம்.

காலையிலிருந்து இதைத்தான் சொல்கிறார்.

எப்படிப் பொறுப்பது? நோர்வேயில் இரண்டு வருடப் படிப்பு. திருகோணமலை மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம். அது எனக்குத்தான் என்று சொல்லும் கடிதம், ஆமி வீதியைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்ததில், நேற்றுத்தான் கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தது. வருகிறேன் என்ற பதில் இன்று ஐந்து மணிக்குள் கொழும்புக்கு மின்னஞ்சலில் போகவேண்டும். போனில் சொன்னால் எடுபடாது. பிந்தினால் இடம் வேறு ஆளுக்கு.

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாகப் படகுப்பாதையில் ஏறிக் கடலைக் கடந்து, உட்துறைமுக வீதியில் இவர் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் இடத்துக்கு ஓடிவந்தேன்.

வந்து பார்த்தால் விண்டோஸை வைரஸ் தின்றுவிட்டிருந்தது. இவர் லினக்ஸ் போட்டிருந்தார். இலவசம், யாரும் பிரித்துத் திருத்தலாம் என்று அதன் பெருமையைப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அந்தப் பெருமைக்குரிய லினக்ஸ், கம்ப்யூட்டருக்குள் இருந்த மோடத்தை யாரென்றே கேட்டது.

வேறு ஒருவர் என்றால் கையை விரித்திருப்பார். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திருத்தும் முத்தலிப்பின் கடைக்குப் போய், வெளியில் வைத்துக் கொளுவும் பழைய மோடம் ஒன்றை இரவல் வாங்கிவந்தார்.

வயரும் லைட்டும் உள்ள பெட்டியோடு ஒரு தமிழ்ப் பொடியன் ஆமி செக்பொயின்ற் தாண்டுவதென்றால் சும்மாவா? திரும்பி வந்தபோது காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும் புழுதி. என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டுமில்ல, சும்மா விசாரிச்சவங்கள்" என்று சொல்லிவிட்டு வயரைக் கொளுவத் தொடங்கினார்.

சாப்பிடவும் இல்லை. நான் கொண்டுவந்த இடியப்பப் பார்சல் மேசையில் அப்படியே கிடந்தது.

இப்போது ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் டோனையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இது வெளிநாட்டு டோனைத் தேடுது. எங்கட டோன் இதுக்குப் பழக்கமில்ல. டோனைப் பாக்காம டயல் பண்ணு எண்டு சொல்லுவம்."

ஒரு வரி தட்டினார்.

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. கொழும்போடு இணைந்துவிட்டது.

என் பதில் போனது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. என் கூடப்பிறந்தவராக இருந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இப்படி ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

"போயிட்டு வாங்கோ லைலா, நல்லாப் படியுங்கோ" என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டு, தேத்தண்ணி வாங்க எதிர்க்கடைக்கு இறங்கினார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

கொழும்பிலிருந்து ஒரு பெண் பேசினாள். நான் பதில் அனுப்பிய அதே அலுவலகம். ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை.

"இரத்தினசிங்கம் இல்லையா? அப்ப அவரிட்டச் சொல்லிவிடுங்கோ. தெரிவான ஆளின்ர பதில் இப்பதான் வந்தது. அது வராட்டா இடம் அவருக்குத்தான் எண்டு போன கிழமை சொல்லியிருந்தம். இனி அவர் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்ல."

ரிசீவரை வைத்தேன்.

அவர் இரண்டு கிளாஸோடு படியேறி வந்தார். "போன் அடிச்ச மாதிரிக் கிடந்தது. ஆர்?"

"கொழும்பு. உங்களுக்குத்தான்."

என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"ஆற முதல் குடியுங்கோ" என்று ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளிவைத்தார். "பிந்தினா கிண்ணியாவுக்குப் போக ஏலாது."