மஞ்சள் நாடா

இரத்த வங்கியில் இன்னாசிமுத்துவின் பைக்கு எப்போதும் சாம்பல் நாடாதான் விழும். பெரியவர்களுக்கு மட்டும் என்று அர்த்தம். சிகரெட் பிடிக்கிறவர் இரத்தத்தில் காட்மியமும் ஈயமும் கூடுதல். பச்சைக் குழந்தைக்கு ஏற்ற வேண்டுமானால் இரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம் மஞ்சள் நாடா ஒட்ட வேண்டும்.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தபோது, ஒரே வகை இரத்தம் இருந்தும் அவருடைய பையை ஒதுக்கிவிட்டார்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்த மஞ்சள் பைதான் அவளைக் காப்பாற்றியது. அந்த ஆற்றாமையில், ஒவ்வொரு முறை இரத்தம் கொடுக்கவும் ஒரு வாரம் முன்னால் சிகரெட்டை நிறுத்தி, பல்லை நன்றாகத் தேய்த்துக்கொண்டு வருவார். வாயை ஊதச் சொல்கிற போலீஸையாவது ஏமாற்றலாம், இயந்திரம் மசியவில்லை.

கடைசியில் ரோஷம் வந்து ஒரேயடியாக விட்டார். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து கடலைமிட்டாயாகக் கடித்துத் தள்ளினார். அப்படியும் இரண்டு தடவை சாம்பல்தான்.

இன்று நர்ஸ் பொன்செல்வி பையைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சள்.

“மாடியில ஒரு பிள்ளை காத்துக் கிடக்கு அண்ணாச்சி. இப்பவே போயிரும்.”

“யாரு பிள்ளைம்மா?”

“அதைச் சொல்லக் கூடாதுல்லா.”

மகள் பிறந்த அன்றைக்கு அவர் கெஞ்சிக் கேட்டபோதும், கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லைதான். சட்டைப் பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“பேரு வேண்டாம்மா. பிள்ளையோட அப்பன் வெளிய சிகரெட்டும் கையுமா நின்னான்னா, இதைக் குடு.”