ஒட்டுவாரொட்டி

உமாதேவி கதவைச் சாத்திய சத்தம் லைன் வீடு நாலுக்கும் கேட்டது.

கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு ரத்தினவேல் அவள் வாசலிலேயே நின்றார். உள்ளே சோனியா "மாமா" என்று கூப்பிட்டாள். "சும்மா இருடீ" என்று அவள் அம்மாவின் அதட்டலும் கேட்டது.

மூன்று நாளாக இதே கதைதான்.

ரத்தினவேலுக்குத் தொண்டையில் புற்றுநோய். மைசூர் ஆஸ்பத்திரியில் கரன்ட் வைக்கிறார்கள். கதிர் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கழுத்தில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார்கள். மொத்தம் முப்பது தடவை. பதினாலு முடிந்திருந்தது. கொத்தனார் வேலை பார்த்த உடம்பு, வலிக்கெல்லாம் அசராத மனுஷன். இந்தக் கதவுச் சத்தத்துக்கு ஆடிப்போய்விட்டார்.

வீட்டுக்குள் வந்து பிஸ்கட்டை அலமாரியில் வைத்தார்.

"பஞ்சவர்ணம், துணிமணியை எடுத்து வை. காலைல ராமாபுரம் பஸ் ஏறிடலாம்."

"ஏனுங்க, இன்னும் பதினாறு தடவை கெடக்குதுங்க."

"கெடக்கட்டும். என் மடியில உக்காந்து சோறு தின்ன புள்ள அது. அதைக்கூட என் கண்ணுல காட்டாம ஒளிச்சு வெக்கிறாங்க. நான் பொழைச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? செத்தா ஊர்ல போய்ச் சாவறேன்."

சொந்தப் பிள்ளை இல்லாத வீடு அது. பஞ்சவர்ணம் குழாயடியில் வைத்து உமாதேவியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரித் தரையில எத்தனை நாள் படுத்துக் கெடந்தேன்? மனுஷனுக்கு ஒரு கேடு வந்ததும் கதவைச் சாத்துறே. நல்லா இருப்பியா நீ?"

உமாதேவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பாதி நிரம்பின குடத்தோடு விலகிப் போனாள். வாயை மூடினதுதான் பஞ்சவர்ணத்துக்கு இன்னும் பொறுக்கவில்லை. நாம் என்ன அவ்வளவு நாறியா போய்விட்டோம்?

அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே நோயாளிகளுக்கு உதவ ஒரு சங்கத்தார் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்க இடம், மத்தியானச் சாப்பாடு, பஸ் சலுகைக்குக் கடிதம், எதுவானாலும் அந்த மேஜைதான். தமிழ் பேச அதில் வசுதா அம்மாள் இருந்தார், மேல்கோட்டை ஐயங்கார் வீட்டு மனுஷி.

"பாதியில விட்டா பதினாலும் வீண்" என்றார் வசுதா அம்மாள். "கட்டி மறுபடியும் கிளம்பும். எப்படியாவது அவரை நிறுத்தி வையுங்கோ. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி படிச்சவளா?"

"கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிப்பாளுங்க."

ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை, தொட்டாலும் வராது, சேர்ந்து சாப்பிட்டாலும் வராது என்று கன்னடத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"இதை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுங்கோ."

பஞ்சவர்ணம் அப்படியேதான் செய்தாள். அவள் வீடு திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். ரத்தினவேல் காலை பஸ்ஸுக்கு இப்போதே பையைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் நேராக உமாதேவி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"படி. சத்தமாப் படி. லைன்ல இருக்கறவங்க எல்லாம் கேக்கட்டும்."

உமாதேவி நோட்டீஸை வாங்கவில்லை.

"அது ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சே செஞ்சியா? அப்ப நீ எல்லாம் ஒரு பொம்பளையா?"

உமாதேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சோனியாவுக்கு அம்மை போட்டிருக்கு."

நோட்டீஸ் கீழே விழுந்தது.

"அடிப் பாவி, எப்ப இருந்து? ஒத்தையாளா என்னடி பண்றே? கதவைத் திற."

சொல்லும்போதே கதவைத் தள்ளிவிட்டாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"பேட, பேட, உள்ள வராதீங்க" என்று உமாதேவிக்குப் பதற்றத்தில் கன்னடம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? காதுல விழுந்ததும் கதவைத் தள்றீங்க. போன வருஷம் எதிர்வீட்டு பரத்துக்குப் போட்டப்ப தண்ணி ஊத்துற வரைக்கும் அவன் பாயை விட்டு நீங்க எந்திரிக்கல. அம்மை போட்ட வீட்டுப் பக்கமே அண்ணனை விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, நான்தானே அதை உங்களுக்குத் தமிழ்ல சொன்னேன்? ஊசியும் கரன்டுமா அவர் உடம்பு இப்ப எதையும் தாங்காது. நீங்க இங்க வந்து பாப்பாவைத் தொட்டுட்டு அங்க போய் அவருக்குக் கஞ்சி ஊத்தினா என்ன ஆகும்?"

பின்னால் ரத்தினவேல் எழுந்து பையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனார்.

பஞ்சவர்ணம் வாசல் நிலையைப் பார்த்தாள். மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவள் இந்த உமாதேவி.

"ஆத்தா வந்திருக்கா, வாசல்ல ஒரு கொத்து வேப்பிலை கூடக் கட்டலையேடி?"

"கட்டினா நீங்க பாத்துட்டு வந்துடுவீங்களே அக்கா. ஆத்தாவுக்குக் கோவம்னா அது என் தலையோட போகட்டும்."